கணினிக் கேள்வி–பதில்: தேடினால் ‘அம்மா’ வரவில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பழைய மாணவிகள் சங்கத்தின் ஆண்டு மலர்கள் 62ஐ கிரீன்ஸ்டோன் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து மின்னூலகம் செய்து பார்க்கிறேன். மின்னூலகத்தைக் கட்டும் ‘பில்ட்’ கொடுத்தால் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் கட்டியதைக் காட்டும் ‘பிரிவியூ’வில் பல மலர்களின் தலைப்பு ‘மைக்ரோசொஃப்ட் வேர்ட்’ என்று வருகிறது. திருத்தியும் மாறவில்லை. தமிழில் எதைத் தேடினாலும் ஒன்றும் வருவதில்லை. இந்த மென்பொருளுக்குத் தமிழ் ஒத்துவராதா? இன்னொன்று: சில பழைய மலர்கள் எங்களிடமே இல்லை. எங்கே தேடலாம்?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: ஒத்துவரும் ரீச்சர். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன், யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தமிழை நன்றாகவே கையாளும். கோளாறு உங்கள் மலர்களுக்குள் இருக்கிறது.

ஒரு மலரின் பிடிஎஃப்பைத் திறந்து, ‘அம்மா’ என்ற சொல்லைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்தால் அது பாமினியில் தட்டியது. நம் அச்சகங்களில் நெடுங்காலம் ஓடிய எழுத்துரு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. கிரீன்ஸ்டோன் பாவம், உள்ளே இருப்பதைத்தானே அட்டவணைப்படுத்தும்?

எனக்கும் இது நடந்தது. எங்கள் ஊர் வாசிகசாலை மலர்களை, ஏறக்குறைய 300 கோப்புகள், வெள்ளவத்தை வீட்டில் ஓர் இரவு முழுக்க பில்ட் ஓடவிட்டேன். காலையில் தேநீரும் கையுமாக வந்து என் அப்பாவின் பெயரைத் தேடினேன். பூச்சியம். அவர் எழுதிய கட்டுரையோ திரையில் அழகாகத் தெரிகிறது!

பாமினி மலரின் மூல வேர்ட் கோப்பு கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றி, புதிதாக பிடிஎஃப் எடுங்கள். மாற்றிகள் இலவசமாகவே உண்டு. நோட்பேடில் ஒட்ட ஒன்றுமே அகப்படவில்லை என்றால் அது வெறும் ஸ்கான் படம். அதற்கு டெசராக்ட் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது, படத்திலுள்ள தமிழை வாசித்து எழுத்தாக்கித் தரும். இரண்டு பத்தியாக அடித்த பழைய பக்கங்களில் தடுமாறும், ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் ‘யாழ்ப்பாணத்தில்’ வராது. தமிழ் வேற்றுமை உருபெல்லாம் கிரீன்ஸ்டோனுக்குத் தெரியாது.

தலைப்புக்கு வருவோம். பிடிஎஃப் செய்தபோது வேர்ட் உள்ளே எழுதிவைத்த தலைப்பையே கிரீன்ஸ்டோன் எடுத்துக்கொள்கிறது. ‘என்ரிச்’ பக்கத்தில் டப்ளின் கோர் (நூல் விவரங்களைப் பதியும் பொதுமுறை) ‘டைட்டில்’ கட்டத்தில் மலரின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பிறகு மறுபடி பில்ட். பிரிவியூவை மட்டும் அழுத்தினால் பழையதுதான் தெரியும். பக்கத்தின் தோற்றத்தை ‘ஃபோர்மட்’டில் மாற்றினால் மட்டும் பில்ட் தேவையில்லை, நேரே பிரிவியூ போகலாம்.

டெஸ்க்டொப்பில் இருக்கும் பிடிஎஃப்பைத் திருத்திவிட்டுக் காத்திருந்தீர்களோ? அதுவும் பலிக்காது. ‘கெதர்’ பக்கத்தில் இழுத்துப் போட்டபோதே கிரீன்ஸ்டோன் தனக்கென ஒரு பிரதி எடுத்துவிட்டது. பழையதை அங்கே நீக்கி, புதியதை இழுத்துப் போடுங்கள்.

62ஐயும் ஒரேயடியாகப் போட வேண்டாம். ஐந்தே மலர். பாமினி ஒன்று, ஸ்கான் ஒன்று, யூனிகோடு ஒன்று, படம் நிறைந்தது ஒன்று, மிகத் தடித்தது ஒன்று. பில்ட் பண்ணி, பிரிவியூவில் பார்த்தால் போதாது, தேடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு மாணவியின் பெயரைத் தமிழில் தட்டுங்கள். அவள் வந்தால்தான் மற்ற 57.

இல்லாத மலர்களுக்கு முதலில் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தைப் பாருங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருகிறார்கள், பாடசாலை மலர்களும் அங்கே உண்டு. அங்கே அகப்படாவிட்டால், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பஸ் பயணம்தானே.