சண்டை போடாத காவல்

கேள்வி: உடம்புக்குள் கிருமி நுழைந்தாலே எதிர்ப்பு அணுக்கள் பாய்ந்து தாக்கும் என்கிறார்கள். குடலில் கோடானுகோடியாக வாழும் நல்ல பாக்டீரியாக்களை மட்டும் ஏன் விட்டுவைக்கின்றன? அடையாளம் தெரியாததாலா?

பதில்: அடையாளம் நன்றாகவே தெரியும். ஆனால் பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு மண்டலத்தின் 'டோல்' ஏற்பிகள் (செல்களில் உள்ள உணரும் புரதங்கள்) தேடுவது, பாக்டீரியாக்களுக்குப் பொதுவான உறைப் பொருள்களையும், அவை நீந்த உதவும் வால் போன்ற கசையிழையின் புரதத்தையும்தான். அவை நல்லதிலும் உண்டு, கெட்டதிலும் உண்டு. ஆகவே வந்தது யார் என்பதைவிட, எங்கே நிற்கிறது என்பதே பெரிது. கசையிழையை உணரும் டோல்-5 ஏற்பி குடல் செல்லின் அடிப்பக்கத்தில்தான் அதிகம். உணவோடு மிதக்கும் பாக்டீரியா அதைத் தொட முடியாது. சுவரைத் தாண்டி வந்தால் மாட்டிக்கொள்ளும்.

பெருங்குடலில் சளிப்படலம் இரண்டு அடுக்கு. தளர்ந்த வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். இறுகிய உள் அடுக்கு ஏறக்குறைய காலி. சிறுகுடலின் சளி அவ்வளவு இறுக்கமில்லை. அதனால் அங்கே பாக்டீரியா கொல்லிப் புரதங்கள் காவல் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான ரெக்-3 காமா, எலியின் சிறுகுடலில் சுவருக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரான் இடைவெளியைக் காப்பது 2011-ல் தெரியவந்தது. மெல்லிய தலைமுடியின் பருமன்தான், ஆனால் அந்தப் புரதம் இல்லாத எலிகளில் பாக்டீரியா சுவரிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

இதில் அருமையான விஷயம், அதைச் சுரக்கத் தூண்டுவதே பாக்டீரியாக்கள்தான். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில் அது மிகக் குறைவு. டோல் சமிக்ஞை துண்டிக்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் புண் உண்டானால் பாதிப்பு கடுமையாகிறது. இந்த ஓயாத, லேசான உணர்தல்தான் சுவரைப் பழுதுபார்க்கவும் வைக்கிறது.

கேள்வி: இந்தச் சுவரைக் காக்க, நல்ல பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் மாத்திரை போதுமா?

பதில்: மாத்திரையில் வரும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை, நிறுத்தியதும் வெளியேறிவிடும். நார்ச்சத்துக்கே முதலிடம் கொடுங்கள். பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துத் தரும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். நார் கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் சளியின் சர்க்கரையையே தின்று படலத்தை மெலியவைப்பது எலிகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரே நாளில் ஏற்றினால் வாயுவும் வயிற்று உப்புசமும் வரும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், தண்ணீரும் கூட்டுங்கள். குடல் அழற்சி அல்லது குடல் சுருக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கீமோதெரபி எடுப்பவர்கள் ப்ரோபயாடிக்கையும் அப்படித்தான்: அரிதாக அதே பாக்டீரியா இரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது.