மறதி நோயும் தலைகீழான தூக்கமும்

கேள்வி: அல்சைமர் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் தாய்க்கு 72 வயது. பகலெல்லாம் கண்ணயர்கிறார், பொழுது சாய்ந்ததும் பதற்றமடைகிறார், இரவில் எழுந்து நடமாடுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: நீங்களாகக் கொடுக்க வேண்டாம். டயசிபாம், அல்பிரசோலாம் போன்றவை முதியவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டி, தள்ளாடி விழச் செய்து, இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடக்கூடும். தூக்கம் வருமே என்று சளி மாத்திரை கொடுப்பவர்களும் உண்டு. அவற்றில் சில, நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் செயலையே தடுப்பவை.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு தொகுதி ஒன்று உடல் கடிகாரமாக இயங்குகிறது. பெரும்பாலானோருக்கு இதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், விழித்திரை வழியாக வந்துசேரும் காலை வெளிச்சமே நாள்தோறும் அதைத் திருத்தி வைக்கிறது. அல்சைமர் நோயில் இந்த அணுக்களும் சிதைகின்றன. இரவில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனும் குறைகிறது. போதாததற்கு, நோயாளி நாள் முழுவதும் அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் கடிகாரத்துக்கு வெளிச்சம் என்ற குறிப்பும் கிடைப்பதில்லை.

ஆகவே, இரவைச் சரிசெய்யும் வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். மேகமூட்டமான நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வலியது என்பதால், எழுந்ததும் அரை மணி நேரமாவது அவரை வெளியே நடக்கவோ அமரவோ வையுங்கள். பகல் தூக்கத்தைப் பிற்பகல் 3 மணிக்குள், அரை மணி நேரத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் இருட்டுவதற்கு முன்பே விளக்குகளை ஏற்றிவிட்டால், நிழல்களைக் கண்டு மிரள்வது குறையும். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கண்ணுக்குள் செல்லும் ஒளியைக் குறைக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் மருந்தை இரவில் எடுத்துக்கொள்ளும் சிலருக்குத் தூக்கம் கெடுவதும் கொடுங்கனவுகள் வருவதும் உண்டு. காலைக்கு மாற்றினாலே தணிந்துவிடலாம். மாலையில் எடுக்கும் சிறுநீர் பெருக்கி மாத்திரையும் இரவில் எழுப்பிவிடும். உரத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால், தூக்கத்தில் மூச்சுத்தடைக்கான பரிசோதனை தேவை.

இந்தக் குழப்பம் ஓரிரு நாட்களுக்குள் திடீரென்று தொடங்கியிருந்தால், இவற்றையெல்லாம் செய்துபார்த்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.