கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

கேள்வி: என் மகள் பரதம் பயில்கிறாள். அடுத்த ஆண்டு டேவான் ஸ்ரீ பினாங்கு அரங்கில் அவளுடைய அரங்கேற்றம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பயன்படுத்திய சோனி ஏ6000 கேமராவை வாங்கினேன். அதனுடன் வந்த 16-50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பகலில் எடுக்கும் படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடை நிகழ்ச்சிகளிலும், தைப்பூசத்துக்கு முதல் நாள் இருள் பிரியுமுன் வெள்ளி ரதம் வரும்போதும் எடுத்தவை மட்டும் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் அமைந்துவிடுகின்றன. அதே வரிசையில் பின்னர் வந்த ஏ6700 வாங்கலாம் என்பது என் எண்ணம். வாங்குவதே வாங்குகிறோம், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் இன்னும் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவாகவே வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். தங்கள் கருத்து என்ன?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் கெட்டுப்போன படங்களில் ஓர் ஐம்பதைக் கணினியில் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று வெவ்வேறு குறைகளை நாம் ‘கலங்கல்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். மேடையின் பின்திரை, ஓரத்தில் உள்ள நடராசர் சிலை, ஆடுபவர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. சிலையின் திருவாசி துல்லியமாக விழுந்து, மகளின் விரல்கள் மட்டும் புகைபோலக் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை, அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம் நீண்டுவிட்டது. பின்திரையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகவும், அசையாமல் நிற்கும் மகளின் முகம் மட்டும் மழுங்கலாகவும் இருந்தால் ஆட்டோஃபோகஸ் தவறியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நீங்கள் குறிப்பிடும் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் சிக்கலில் பெரும்பங்கு இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கேமராவுடன் வந்த அந்தக் கிட் லென்ஸ் 50 மில்லிமீட்டருக்கு நீளும்போது, ஒளி நுழையும் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக ஆகத் துளை பெரிதாகும்). அரங்க வெளிச்சத்தில் அத்துளையுடன் எடுத்த படத்தின் விவரங்களைப் பார்த்தால், ஷட்டர் வேகம் நொடியில் 60இல் ஒரு பங்காகவும் ஐஎஸ்ஓ 6400 ஆகவும் இருப்பது வியப்பன்று. (ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்வின் அளவு; அது ஏற ஏறப் புள்ளிகளும் கூடும்.) முழங்காலை மடித்து அரைமண்டியில் அசையாமல் நிற்பவரை அந்த வேகத்தில் எடுத்துவிடலாம். தீர்மானம் எனப்படும் விரைவான அடவுக் கோர்வையில் கையை வீசித் திரும்புபவரை எடுக்க முடியாது. அதே இருக்கையில், அதே வெளிச்சத்தில் எஃப்/1.4 லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் சென்சாருக்கு 16 மடங்கு ஒளி கிடைக்கும். அதில் நான்கு மடங்கை வேகத்துக்கும் நான்கு மடங்கை ஐஎஸ்ஓவுக்கும் பிரித்துக் கொடுத்தால், நொடியில் 250இல் ஒரு பங்கு வேகம், ஐஎஸ்ஓ 1600 என்று கணக்கு மாறிவிடுகிறது. விரல்களும் நிலைக்கும், புள்ளிகளும் அடங்கும். 2014இல் வந்த உங்கள் ஏ6000-இன் சென்சார் 24 மெகாபிக்சல். 2023இல் வந்த ஏ6700-இன் சென்சார் 26 மெகாபிக்சல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் சென்சார்கள் மேம்பட்டிருப்பது உண்மைதான் என்றாலும், இருட்டில் 16 மடங்கு முன்னேற்றத்தை எந்தப் புதிய பாடியும் (லென்ஸ் நீங்கலான கேமரா) உங்களுக்குக் கொடுத்துவிடாது.

ஏ6700-இல் பாடிக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். அது உண்மை, உங்கள் கேமராவில் அது இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு தடுப்பது உங்கள் கை நடுக்கத்தைத்தான். ஆடுபவரின் அசைவை அது ஒன்றும் செய்யாது.

ஆகவே, முதலில் லென்ஸ் வாங்குங்கள் என்பதே என் கருத்து. உங்கள் கேமராவில் லென்ஸ் பொருத்தும் அமைப்பான சோனி ஈ மவுண்டுக்கு சிக்மா நிறுவனம் தயாரிக்கும் 56 மில்லிமீட்டர் எஃப்/1.4 லென்ஸ் இந்த வேலைக்குப் பொருத்தமானது. மேடையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி அமர்ந்தால், கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது ஏறத்தாழ நாலேகால் மீட்டர் அகலமும் இரண்டே முக்கால் மீட்டர் உயரமும் சட்டத்துக்குள் அடங்கும். ஒருவர் கைகளை விரித்து ஆட அது தாராளமான இடம். அந்தத் தொலைவில் முன்னும் பின்னுமாக ஒன்றரை மீட்டருக்கு மேல் தெளிவு கிடைப்பதால் எஃப்/1.4-ஐ அஞ்சாமல் பயன்படுத்தலாம். ஒப்பனை அறையில் இரண்டு மீட்டர் அருகே நின்று எடுக்கும்போது நிலைமை வேறு: தெளிவின் ஆழம் ஏழு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நெற்றிச்சுட்டி தெளிவாகவும் ஜடைப்பூ மங்கலாகவும் விழும். அங்கே துளையை எஃப்/2.8 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி ரதத்துக்கு இந்த லென்ஸ் உதவாது. பினாங்கு ஸ்திரீட்டில் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் 56 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு பின்வாங்க இடம் ஏது? அதற்கு அதே வரிசையில் உள்ள 30 மில்லிமீட்டர் எஃப்/1.4 வசதியானது. ரதம் மெதுவாக நகர்வதால் அதை எடுப்பது கடினமன்று. சாலையில் சிதறும் தேங்காய்தான் கடினம். 60இல் ஒரு பங்கு வேகத்தில் அது வெறும் வெள்ளைத் தீற்றலாகவே விழும். 500இல் ஒரு பங்காவது இருந்தால்தான் ஓடும் சில்லும் தெறிக்கும் நீரும் தனித்தனியே தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்றால் 56-ஐயே வாங்குங்கள். ரதம் ஆண்டுதோறும் வரும், அரங்கேற்றம் ஒருமுறைதான்.

பணத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஏ6700 பாடி மட்டும் சுமார் 1,400 டாலர். அந்த 56 மில்லிமீட்டர் லென்ஸின் விலை அங்கே 480 டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இங்கே எத்தனை ரிங்கிட் என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்ற விகிதம் பெரிதாக மாறியிருக்காது. நாளைக்கே ஏ6700 வாங்கினாலும் இந்த லென்ஸ் அதில் அப்படியே பொருந்தும். பழைய பேட்டரிகள்தாம் பொருந்தா.

இனி, பாடியை மாற்றுவதற்கு நியாயம் உள்ள இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அரங்கேற்றத்தை முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் ஏ6000 அதற்கு ஏற்றதன்று: 4கே கிடையாது, மைக் செருகும் துளை கிடையாது, ஒரே மூச்சில் 29 நிமிடங்களுக்கு மேல் பதிவாகாது, நீண்ட உருப்படியான வர்ணம் நடந்துகொண்டிருக்கும்போது அது நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? அதேபோல், உங்கள் ஐம்பது படங்களில் பாதிக்குமேல் மூன்றாவது வகைக் குறை தென்பட்டால், அதாவது ஃபோகஸ் தவறியிருந்தால், ஆடுபவரின் கண்ணை விடாமல் பின்தொடரும் புதிய ஆட்டோஃபோகஸ் பெரிய உதவி. அதற்கு ஏ6700 வரை போக வேண்டியதில்லை. 2019இல் வந்த ஏ6400-லேயே அந்த வசதி இருக்கிறது, 4கே காணொளியும் மைக் துளையும் இருக்கின்றன. ஏ6700-இன் ஓசையில்லாத ஷட்டரும் நடன அரங்கில் கவர்ச்சியானதுதான். ஆனால் எல்ஈடி மேடை விளக்குகளின் கீழ் அதைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழக்கூடும் என்பதால், ஒத்திகை நாளில் சோதித்துப் பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். பாடியை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஒத்திகையில் பயன்படுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அப்படி வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃபுல் ஃபிரேம் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு சொல். உங்களிடம் உள்ள லென்ஸை அந்தக் கேமராவில் பொருத்தினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். 24 மெகாபிக்சல் கேமரா பத்து மெகாபிக்சல் கேமராவாகிவிடும். ஆகவே லென்ஸ்களையும் புதிதாக வாங்க வேண்டிவரும், அவை கனமாகவும் இருக்கும். நானும் ஒரு காலத்தில் அந்த ஆசைக்கு ஆட்பட்டவன். இரண்டு பெரிய லென்ஸ்களைச் சுமந்துகொண்டு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறிய தைப்பூசத்தன்று, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேமராவை உறையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. அதன்பின் அது பெரும்பாலும் அலமாரியில்தான் இருந்தது. உங்கள் ஏ6000 பேட்டரியுடன் 344 கிராம்தான். அது உங்கள் கைப்பையில் எப்போதும் கிடக்கிறது என்பதைக் குறைவாக மதிப்பிடாதீர்கள்.

கேள்வி: என் மிரர்லெஸ் கேமராவில் எடுக்கும் வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. கேமராவை மாற்றும் காலம் வந்துவிட்டதா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: வரவில்லை. துளையை எஃப்/16-க்குக் குறைத்து வெள்ளைச் சுவர் ஒன்றைப் படமெடுங்கள், பிறகு எஃப்/2.8-இலோ உங்கள் லென்ஸ் திறக்கும் அளவுக்கோ திறந்து மறுபடியும் எடுங்கள். முதல் படத்தில் தெரியும் புள்ளிகள் இரண்டாவதில் மறைந்தால், அது சென்சாரின் மேல் படிந்த தூசி. சுத்தம் செய்தால் போய்விடும். வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் கறையாகும்.

நம் ஊரில் அதைவிட அஞ்ச வேண்டியது பூஞ்சணம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கம் வழியே பாருங்கள். சிலந்தி இழைபோல ஏதேனும் கிளைத்துப் படர்ந்திருந்தால் அதுதான். அது படத்தில் புள்ளியாக விழாது. விளக்கோ வெயிலோ எதிரே இருக்கும்போது படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். நாள்பட விட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். புதிய கேமராவுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான சிறிய ட்ரை கேபினட் ஒன்றை வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.