மூலிகை மாத்திரை ஆரம்பித்தால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஆறு வருடமாக எனக்குச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். சிறுகுறிஞ்சானும், மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினும் சேர்ந்த மாத்திரை ஒன்றை நண்பர் வாங்கித் தந்தார், இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்கிறார். இதை எடுத்துக்கொண்டு ரசாயன மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். முதலில் ஒரு விஷயம், நீங்கள் ரசாயனம் என்று தள்ளிவைக்கப் பார்க்கும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். கலேகா என்ற அந்தச் செடியில் இருக்கும் கலெஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது, அதைத் தின்று ஆடு மாடுகள் செத்திருக்கின்றன. அதே வேதிக் குடும்பத்தில் பாதுகாப்பான ஒன்றாக 1922-ல் உருவானதுதான் மெட்ஃபார்மின், 1957-ல்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளியாயின. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசினும் அப்படித்தான். சிறுநீரகம் சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பவிடாமல் சிறுநீரில் வெளியேற்றிவிடும், ஆனால் அதை அப்படியே விழுங்கினால் குடலில் சரியாக ஏறாது, வயிற்றுப்போக்கும் வரும். அதன் அமைப்பைத் திருத்தி வந்தவைதான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள்.

சரி, சிறுகுறிஞ்சானுக்கு வருவோம். அதன் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள், மணலைப் போட்டது போல இருக்கும், இனிப்பே தெரியாது. இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரிகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகின்றன. இதைப் பார்த்துத்தான் பலர் ரத்தச் சர்க்கரையும் இப்படியே அடங்கிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள், ஆனால் நாக்கில் நடப்பது வேறு, ரத்தத்தில் நடப்பது வேறு. சில சிறிய ஆய்வுகளில் சர்க்கரை ஓரளவு குறைந்திருப்பது உண்மைதான், மருந்தை நிறுத்தும் அளவுக்கு அது போதாது.

பெர்பெரின் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். அது நிஜமாகவே வேலை செய்கிறது, அதுதான் காரணம். கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால் அந்த மருந்துகள் உடம்பில் கூடிப்போகலாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கிளிமெபிரைடு ஏற்கெனவே சர்க்கரையை இறக்குகிற மருந்து, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் அளவு 70-க்குக் கீழே போய் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். அப்படி வந்தால் 15 கிராம் குளுக்கோஸை உடனே சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அந்த மாத்திரை டப்பாவை அப்படியே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது, உள்ளே எது எத்தனை மில்லிகிராம் என்று அவர் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் எடுங்கள், வீட்டில் அடிக்கடி சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள், 3 மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது என்பதை அந்த எண்ணை வைத்து அவர் முடிவு செய்யட்டும்.