வயல் மீத்தேனை அளக்க எம்கியூ-4 போதுமா?

கேள்வி: குறுவையில் ஒரு வயலில் தண்ணீர் கட்டியும், பக்கத்து வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகவும் நெல் போட்டிருக்கிறோம். மீத்தேன் எவ்வளவு குறைகிறது என்று நாங்களே அளக்க ஆசை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் எம்கியூ-4 வாயு சென்சார் வாங்கலாமா? கார்பன் டை ஆக்சைடுக்கு எம்கியூ-135 போதும் என்கிறார்களே?

பதில்: இரண்டும் வேண்டாம். எம்கியூ-4 எரிவாயு கசிந்தால் அலாரம் அடிக்கச் செய்த பொருள். நூற்றுக்கணக்கான பிபிஎம்மில்தான் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) அதற்கு வேலை. வெளிக்காற்றில் மீத்தேன் 2 பிபிஎம் கூட இல்லை. சதுர மீட்டருக்கு மணிக்கு 5 மில்லிகிராம் விடும் வயலில் வாயுவைச் சேர்த்துப் பிடிக்க 50 செ.மீ. உயர மூடிய பெட்டியைக் கவிழ்த்தால், அரை மணியில் ஏறுவது சுமார் 8 பிபிஎம். இதைப் பிடிக்க வேண்டும்.

ஃபிகாரோ நிறுவனத்தின் டிஜிஎஸ் 2611-இ00 மீத்தேன் சென்சாரை வாங்குங்கள். விலை பல மடங்குதான். அதன் டேட்டாஷீட்டிலும் 500 பிபிஎம்மிலிருந்து என்றே இருக்கும். ஆனாலும் ஈரப்பதத்தைக் கழித்துவிட்டால் சில பிபிஎம் வரை இறங்கும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆல்கஹால் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி உள்ளேயே உண்டு. கடைசி எழுத்துகளைச் சரிபாருங்கள்: சி00 என்றால் வடிகட்டி இல்லாதது. சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் 56 மில்லி ஆம்பியர் இழுக்கும். எம்கியூ-4 ஏறக்குறைய 150. பேட்டரியில் ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கூடவே எஸ்ஹெச்டி31 ஈரப்பத சென்சார், சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 16 பிட் ஏடிஎஸ்1115 சிப், பெட்டிக் காற்றைக் கலக்க சின்ன ஃபேன். வந்ததும் ஒரு வாரம் மின்சாரத்திலேயே வைத்திருங்கள், பிறகு வயலுக்கு.

பலர் ஏமாறுவது ஈரப்பதத்தில். பெட்டியை மூடிய சில நிமிடத்தில் உள்ளே நீராவி நிறைந்துவிடும். சென்சாரின் மின்தடை இறங்கும், மீத்தேன் ஏறுவது போலவே. முதலில் சேறில்லாத வெறும் தண்ணீர்த் தொட்டிமேல் பெட்டியைக் கவிழ்த்து அரை மணி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் ஏற்றம் தெரிந்தால் அது பொய் மீத்தேன். வயல் கணக்கில் கழிக்க வேண்டியது. அதன்பின் பெட்டிக் காற்றைச் சிரிஞ்சில் ஐந்தாறு முறை எடுத்து, கேஸ் குரோமடோகிராப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) உள்ள ஆய்வகத்தில் கொடுத்து ஒப்பிடாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

பெட்டியின் அடிச்சட்டத்தை முந்தின நாளே சேற்றில் இறக்கிவிடுங்கள். பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யுங்கள். பக்கத்தில் கால் அமுங்கினால் சேற்றுக் குமிழி வெடித்து வரைகோடு திடீரென்று படியேறும். அந்த அளவீட்டை எறிந்துவிட வேண்டியதுதான்.

எம்கியூ-135 கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. மற்ற வாயுக்களைப் பார்த்து ஊகிக்கிறது. எஸ்சிடி30 போன்ற அகச்சிவப்பு சென்சார் வாங்குங்கள். தானே சரிசெய்துகொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டிக்குள் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும்.

வயலைக் காயப்போடும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு பசுமை இல்ல வாயு கூடும். அதற்கு மலிவு சென்சார் என்று யாராவது விற்றால் காசு கொடுக்காதீர்கள். காற்றில் அது 0.34 பிபிஎம்தான், அதே சிரிஞ்ச் மாதிரியில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.