மேச்சனும் சபைப் பிரிவினையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க இறையியலாளர் ஜே. கிரெஷம் மேச்சனைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவன். 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்று பல சபைகள் ஒன்றுகூடிய கதையைப் பெருமையாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். மேச்சனோ அமெரிக்காவில் ஒன்றாக இருந்த பிரஸ்பிட்டேரியன் சபையை உடைத்த பழமைவாதி. அவரை இவ்வளவு மதித்து எழுத வேண்டுமா? அவரை வாசிப்பதென்றால் எதில் தொடங்குவது?

ஆ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆ.,

மதித்து எழுத வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஏற்பவன் இல்லை. ஆனால் சொன்ன சொல்லுக்கு உண்மையாக இருப்பது எப்படி என்பதை அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அற்புதங்களையும் உயிர்த்தெழுதலையும் நவீன சிந்தனைக்கு ஏற்ப மாற்றி விளக்கும் தாராளவாத இறையியல் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவே அல்ல, அது வேறொரு மதம் என்று 1923-ல் எழுதினார். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ப முடியாதவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவருடைய சபையில் போதகர்கள் குருப்பட்டம் பெறும்போது, பிரஸ்பிட்டேரியன்களின் நம்பிக்கைகளைத் தொகுத்துச் சொல்லும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை ஏற்கிறேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தார்கள். அப்புறம் ‘உயிர்த்தெழுந்தார்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டே அதன் பொருளை மட்டும் சிலர் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள். இதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. திரித்துவத்தை மறுக்கும் யூனிடேரியன்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள் என்று அதே நூலில் மெச்சுகிறார்.

சந்தேகம் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1905-ல் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனார். மார்பர்க்கில் வில்ஹெல்ம் ஹெர்மனின் வகுப்புகளைக் கேட்டு ஆடிப்போனார். ஹெர்மன் தாராளவாதி. ஆனால் இயேசுவின் மேல் அவருக்கு இருந்த பக்தியைப் போல் தான் எங்கும் கண்டதில்லை, குழம்பிப்போயிருக்கிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார் மேச்சன். அடுத்த ஆண்டே போதகர்களைப் பயிற்றுவிக்கும் இறையியல் கல்லூரியான பிரின்ஸ்டன் செமினரியில் பாடம் நடத்தத் தொடங்கினாலும், குருப்பட்டம் பெற்றது 1914-ல்தான். இடையில் எட்டு வருடம்! முழு மனதோடு வாக்குக் கொடுக்க முடியும் என்று தெளிந்த பிறகுதான் பட்டம் வாங்கினார். பின்னாளில் மற்றவர்களிடம் அவர் கேட்டதும் இதைத்தான்.

சரி, பிரிவினைக்கு வருகிறேன். 1929-ல் பிரின்ஸ்டன் செமினரியின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டபோது அவர் வெளியேறி, பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கினார். சபையின் மிஷனரி வாரியத்துக்குக் கொடுக்கும் பணம் சுவிசேஷத்துக்குத்தான் போகிறதா என்ற கேள்வி எழுந்தபோது, 1933-ல் தனியாக ஒரு மிஷனரி வாரியமும் அமைத்தார். அதிலிருந்து விலகும்படி 1934-ல் சபையின் உச்ச மன்றமான பொதுச்சபை உத்தரவிட்டது. அவர் மறுத்தார். 1935-ல் விசாரணை நடந்தது. அந்த உத்தரவு சபைச் சட்டப்படி செல்லுமா என்றோ, சபையின் பழைய வாரியத்தின் உபதேசம் சரியா என்றோ வாதாட அவரை விடவில்லை. கீழ்ப்படிந்தாயா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. ஊழியத்திலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். 1936-ல் பொதுச்சபை அதை உறுதிசெய்தது. அந்த ஜூன் மாதமே அவரும் நண்பர்களும் புதிய சபையைத் தொடங்கினார்கள். இன்று ஆர்த்தடாக்ஸ் பிரஸ்பிட்டேரியன் சபை என்று அழைக்கப்படுவது அதுதான். பிடிவாதக்காரர் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைத்த பழியை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

அவர் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. 1913-ல் பிரின்ஸ்டன் செமினரி விடுதியில் ஒரு கறுப்பின மாணவருக்கு இடம் கொடுத்தார்கள். மூத்த பேராசிரியர் பி. பி. வார்ஃபீல்ட் அதற்கு ஆதரவாக நின்றார். மேச்சன் கொதித்துப்போய் தாய்க்குக் கடிதம் எழுதினார். பால்டிமோரில், தெற்கத்திய மரபில் வந்த குடும்பத்தில் வளர்ந்தவர் என்று காரணம் சொல்லலாம். ஆனால் வார்ஃபீல்டும் கென்டக்கிக்காரர்தானே! கோவிலுக்குள் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கடிதம் வலிக்கத்தான் செய்யும். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று சொன்ன பவுலைப் பற்றி அத்தனை ஆழமாக எழுதிய மனிதர் இவர்.

1936 கிறிஸ்துமஸ் விடுமுறையில் வடக்கு டகோட்டாவின் சின்னச் சின்ன சபைகளில் பிரசங்கம் செய்யப் போனார். கடுங்குளிர். நிமோனியா வந்து பிஸ்மார்க் நகர மருத்துவமனையில் 1937 ஜனவரி 1 அன்று இறந்தார். வயது 55. சாகும் தறுவாயில் சக பேராசிரியர் ஜான் மர்ரிக்கு ஒரு தந்தி கொடுத்தார். கிறிஸ்து நமக்காக மரித்தது மட்டுமல்ல, நம் இடத்தில் நின்று கடவுளின் சட்டமான நியாயப்பிரமாணம் முழுவதையும் வாழ்ந்து நிறைவேற்றினார் என்ற உபதேசத்துக்கு நன்றி சொல்லி, அது இல்லாவிட்டால் நம்பிக்கையே இல்லை என்று முடிகிறது அந்தத் தந்தி. 1913-ன் கடிதத்தையும் இந்தத் தந்தியையும் அடுத்தடுத்து வைத்து நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

‘கிறிஸ்தவமும் தாராளவாதமும்’ நூலில் தொடங்குங்கள். நான் மேலே சொன்ன 1923 நூல் அதுதான். சின்னப் புத்தகம், ஆங்கிலமும் எளிமையாக இருக்கும். கிரேக்கம் கற்கும் ஆசை இருந்தால், அதே ஆண்டில் தொடக்க மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோரில் அவர் கல்லறையில் பொறித்திருக்கும் கிரேக்கச் சொற்களை அப்போது நீங்களே வாசித்துவிடலாம். நம் வேதாகமத்தில் அது ‘மரணபரியந்தம் உண்மையாயிரு’ என்று வரும் இடம்.