88 பர்சன்டைல் என்பது 88 மார்க் அல்ல

பிப்ரவரி கடைசி வாரம் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டுக் கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே தையல். மகள் பிளஸ் டூ. அப்பாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதைத் திறப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"மேடம், ஜேஇஇ மெயின்ல பாப்பா 88 வாங்கிருக்கா. ஐஐடிக்கு சான்ஸ் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

பாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பள்ளிப் பாடத்தையும் பார்த்துக்கொண்டு இதையும் எழுதியதே பெரிய விஷயம் என்றேன். அதற்குள் அம்மா, "எங்க அண்ணன் சொல்றாரு, ஒரு வருஷம் ஹைதராபாத்ல லாங் டெர்ம் கோச்சிங் போட்டா கண்டிப்பா கிடைச்சிரும்னு. அவர் பையன் அப்படித்தான் போனான்" என்றார். அத்தோடு என் ஆறுதல் படலம் முடிந்தது.

முதலில் அந்த 88. அது மார்க் அல்ல, பர்சன்டைல். எழுதியவர்களில் நூற்றுக்கு 88 பேர் இவளுக்குப் பின்னால், 12 பேர் முன்னால். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜேஇஇ மெயின் எழுதுகிறவர்கள் ஏறக்குறைய 14 லட்சம் பேர். அதில் 12 சதவீதம் என்றால் 1,68,000. பாப்பாவுக்கு முன்னால் நிற்கிற வரிசை அவ்வளவு நீளம்.

அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "ஓபிசிக்கு அட்வான்ஸ்டு எழுத 80 பக்கம் வந்தா போதும்னாங்களே?" உண்மைதான். மெயினுக்குப் பிறகு ஐஐடிக்காக எழுதும் இரண்டாம் கட்டத் தேர்வுதான் அட்வான்ஸ்டு. 2025இல் அதை எழுத அந்தப் பிரிவுக்கான தகுதி 79.43 பர்சன்டைல். பாப்பா அட்வான்ஸ்டு எழுதலாம், எழுதட்டும். ஆனால் தகுதி வேறு, இடம் வேறு. தகுதி பெறுவோர் இரண்டரை லட்சம் பேர். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18,000. 2018இலிருந்து பெண்களுக்காகக் கூட்டிய இடங்களும் இதற்குள் அடக்கம். ஓர் இடத்துக்குப் பதினான்கு பேர். அதிலும் இவர்கள் கேட்பது ஏதோ ஒரு ஐஐடியில் ஏதோ ஒரு பிரிவு அல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"மிகக் குறைவு" என்றேன். "முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பி வீட்டுப் பணத்தைக் கட்டச் சொல்லமாட்டேன்."

வீட்டுப் பணம் என்றதும் அம்மா நிமிர்ந்தார். மாமா கொடுத்த நோட்டீஸ் ஃபைலுக்குள் இருந்தது. அதில் போட்டிருந்த தொகையோடு ஹாஸ்டல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மூன்று லட்சத்தைத் தாண்டியது. பிளஸ் ஒன்னிலிருந்தே இரண்டு வருடக் கோச்சிங்குக்கு ஏற்கெனவே கட்டியாயிற்று. மிச்சம் இருப்பது அம்மாவின் நகை. இதில் நான் கறாராகத்தான் பேசினேன். அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறைதான் எழுத முடியும். அடுத்த வருடம் தவறினால் மறுபடி வாய்ப்பில்லை. நகை அடகில் இருக்கும், பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும், கையில் அதே பிளஸ் டூ மார்க் ஷீட். மாமா பையன் போனான் என்றால் அது மாமா பையனின் கதை. அவன் எத்தனை பர்சன்டைலில் இருந்து தொடங்கினான் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

சரி, பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? "அவளுக்கு எல்லாமே பிடிக்கும் மேடம்" என்றார் அப்பா. பெற்றோர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை பிள்ளை வாய் திறக்காது என்பதால் இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

அவளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். "அடுத்தடுத்த நாலு எண்ணைப் பெருக்கி ஒன்றைக் கூட்டு. என்ன தெரிகிறது?" இதை நிறையப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு உதாரணம் போட்டுவிட்டு, ஆப்ஷன் எங்கே என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். இவள் 1, 2, 3, 4 எடுத்தாள், 25 வந்தது. 2, 3, 4, 5 எடுத்தாள், 121. அடுத்தது 361. "எல்லாமே வர்க்கமா வருது" என்றாள். அப்புறம் அவளே கேட்டாள்: "எப்பவுமே வருமா?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் கழித்து, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒரு ஜோடியாக்கினாள், நடுவில் உள்ள இரண்டையும் இன்னொரு ஜோடியாக்கினாள். இரண்டு பெருக்குத்தொகைகளுக்கும் வித்தியாசம் எப்போதும் சரியாக 2. அந்த இரண்டு பெருக்குத்தொகைகளுக்கும் நடுவில் இருக்கும் எண்ணை m என்று வைத்தால் (m−1)(m+1)+1, அதாவது m². முடிந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். மூன்று மணி நேரத்தில் 75 கேள்வியை ஓட்டுகிற பரீட்சையில் இவள் பின்தங்குவது ஏன் என்று புரிந்துவிட்டது. இவள் நின்று யோசிக்கிற பிள்ளை.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்ததும் புள்ளியியல் என்றேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அப்பாவின் முகம் போன போக்கை எழுத்தில் சொல்ல முடியாது. "அது படிச்சா வாத்தியார் வேலைதானே மேடம்?"

இந்தியப் புள்ளியியல் கழகம், எல்லோரும் ஐஎஸ்ஐ என்பார்கள், 1931இல் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறைக்குள் சின்னதாக முளைத்தது. 1950இல் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் குடும்பச் செலவைக் கணக்கெடுக்கும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது அதன் பின்னணியில் இருந்தவர்கள் இவர்கள். 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. சென்னை ஐஐடி பிறந்ததும் அதே வருடம்தான், ஆனால் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒரு பெயர்தான் அடிபடும். கொல்கத்தாவில் பி.ஸ்டாட் என்ற புள்ளியியல் பட்டம், பெங்களூரில் பி.மேத் என்ற கணிதப் பட்டம். கல்விக் கட்டணம் கிடையாது. ஒழுங்காகப் படித்துத் தேறினால் மாதாமாதம் உதவித்தொகை வேறு. இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, அம்மா நம்பவில்லை.

அதன் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். மே மாதத்தில் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். இயற்பியல், வேதியியல் கிடையாது, கணக்கு மட்டும். காலையில் 30 கேள்வி, விடையைத் தேர்ந்தெடுப்பது. மதியம் 8 கேள்வி, ஒவ்வொன்றையும் எழுதி நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு மணி நேரம். பாடத்திட்டம் ஏறக்குறைய நம் பிளஸ் டூ கணக்குதான், ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் மதியத் தாளில் மாட்டிக்கொள்வான். பழைய காலைத் தாள்களில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, தொடாமல் விட்டால் 1. தெரியாது என்று ஒப்புக்கொண்டதற்கு ஒரு மார்க் தருகிற பரீட்சை வேறு எங்கே இருக்கிறது? பழைய கேள்வித்தாள்கள் அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கோச்சிங் தேவையில்லை. தினம் ஒரு கேள்வி, ஒரு நோட்டு, பிடிவாதம், அவ்வளவு போதும்.

அங்கே மட்டும் சுலபமா என்றால் இல்லை. சில பத்து இடங்களுக்கு நாடு முழுக்கப் போட்டி. எழுத்துத் தேர்வில் தேறினால் நேர்முகமும் உண்டு. பாப்பாவுக்கு இங்கேயும் உறுதியில்லை என்று அவள் எதிரிலேயே சொன்னேன். பிறகு ஏன் இதைச் சொல்கிறேன்?

இரண்டு ஏணிகளைத் தாளில் வரைந்தேன். ஒன்று, வீட்டில் எல்லோரும் பேசுகிற ஏணி. உச்சியில் ஐஐடி கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்காவிட்டால் தூரத்து என்ஐடியில் கிடைத்த பிரிவு. அதுவும் போனால் ஏதோ ஒரு தனியார் கல்லூரியில், யாரோ சொன்னதற்காக, கடன் வாங்கிச் சேர்கிற ஒரு பிரிவு. ஒரு படி இறங்கினால் படிப்பே மாறிவிடுகிறது. இன்னொரு ஏணியில் உச்சியில் ஐஎஸ்ஐ. அடுத்து சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம், கணக்கும் கணினி அறிவியலும் சேர்ந்த பட்டம், அதற்கும் மே மாதத்தில் தனித் தேர்வு. அதற்கும் கீழே சென்னை மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி, இன்னும் பல அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி புள்ளியியல். எந்தப் படியில் நின்றாலும் இவள் செய்யப்போவது இன்று அந்த வெள்ளைத்தாளில் செய்த அதே வேலை.

கீழ்ப்படி என்று மாநிலக் கல்லூரியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். எஸ். ஆர். சீனிவாச வரதன் பொன்னேரியில் பள்ளிக்கூடம் படித்தவர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்து, ஐஎஸ்ஐ போய், புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவின் கீழ் ஆராய்ச்சி செய்தார். நிகழ்தகவுக் கோட்பாட்டுக்காக 2007இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயரிய பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது. எல்லோரும் வரதன் ஆகமாட்டார்கள், தெரியும். ஆனால் அந்தப் பாதை மாநிலக் கல்லூரி வழியாகவும் போனது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகும் வாசல் திறந்துதான் இருக்கும். ஐஎஸ்ஐயின் முதுகலைப் படிப்பான எம்.ஸ்டாட்டுக்கான தேர்வை வேறு கல்லூரியில் படித்தவர்களும் எழுதலாம். ஜாம் என்றொரு தேர்வு, அதில் கணிதப் புள்ளியியல் தனித் தாள், அதை எழுதி பம்பாய், கான்பூர் ஐஐடிகளில் புள்ளியியல் எம்.எஸ்சி சேரலாம். இதைச் சொன்னவுடன் அப்பாவின் முகம் மலர்ந்தது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

வேலை? யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. காப்பீடு, வங்கி, மருந்து ஆய்வு என்று எதை எடுத்தாலும் தரவைப் பார்த்து முடிவு சொல்ல ஆள் வேண்டும். இன்று எல்லோரும் ஏஐ ஏஐ என்கிறார்களே, அதன் அடியில் ஓடுவதே நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும்தான்.

அம்மாவின் பயம் வேறு. "பொம்பளப் புள்ளைய கொல்கத்தாவுக்கா?" ஹைதராபாத் ஹாஸ்டலுக்கு ஒரு வருடம் அனுப்பத் தயாராக இருந்தவர்தான் இதைக் கேட்டார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பாப்பா சுட்டிக்காட்டினாள்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. பொதுத்தேர்வு முடியும்வரை வேறு எதுவும் இல்லை, கணக்குக்கு மட்டும் நாளுக்கு ஒரு பழைய ஐஎஸ்ஐ கேள்வி. இரண்டு நிறுவனங்களின் விண்ணப்ப அறிவிப்பையும் வாரம் ஒருமுறை பார்ப்பது அப்பாவின் பொறுப்பு, தேதி தவறினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மெயின் இரண்டாவது அமர்வையும் அட்வான்ஸ்டையும் எழுதட்டும், தேதிகள் மோதுகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தையும் போட்டு வைக்க வேண்டும், அதை அவமானமாக நினைக்கக் கூடாது. எது கிடைக்காவிட்டாலும் ஹைதராபாத் இல்லை. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றார். "அண்ணன் கேட்டா என்ன சொல்றது மேடம்?"

"ஹைதராபாத் செலவில் பாதியை அவர் போடுவாரான்னு கேளுங்கம்மா."

அவர் அன்று முதன்முறையாகச் சிரித்தார். "அப்படிக் கேட்டா அவரு நம்ம வீட்டுப் பக்கமே வரமாட்டாரு."